வேலையில் இருந்துகொண்டே இரண்டாம் மொழிக் கல்வியில் எம்.ஏ.: சேரலாமா?

அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கும் பட்டதாரி ஆசிரியை நான். திருவண்ணாமலை மாவட்டம், போளூர் பக்கம். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிப்பது பற்றிய முதுகலைப் படிப்பைத் தொலைநிலையில் சேர்ந்து முடித்திருக்கிறேன். எங்கள் ஒன்றியத்தில் யாராவது எம்.ஏ. சேர நினைத்தால் இலக்கியத்தில் சேர்வதா, இதில் சேர்வதா என்று எனக்குத்தான் போன் செய்கிறார்கள். அவர்களிடம் சொல்வதை இங்கே எழுதிவிடுகிறேன். குறைகளும் சொல்ல வேண்டியிருப்பதால் பல்கலைக்கழகத்தின் பெயரைப் போடவில்லை. வேறு இடங்களின் பாடத்திட்டத்தையும் வாங்கிப் பார்த்திருக்கிறேன். தாள்களின் தலைப்புகள் பெரிதாக மாறுவதில்லை.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். தினமும் வகுப்பில் நிற்பவர்களுக்கு இது நல்ல படிப்பு, கட்டிய பணம் வீண்போகாது. வகுப்பு எடுக்காமல் பட்டத்துக்காக மட்டும் படிப்பவர்களுக்குப் பாதிக்கு மேல் வெறும் பெயர்களும் ஆண்டுகளுமாகத்தான் மிஞ்சும்.

ஒலியியல், இலக்கணம், மொழியியல் அறிமுகம் என்று ஆரம்பிக்கிறது. அப்புறம் மொழி கற்றல் கோட்பாடுகள், கற்பித்தல் முறைகள், பாடப்பொருள் தயாரிப்பு, தேர்வும் மதிப்பீடும், கடைசியில் ஒரு புராஜெக்ட். இதில் எனக்கு மிகவும் பயன்பட்டது பிழை ஆய்வு. மொழி கற்றல் தாளுக்குள் ஒரு யூனிட்டாக ஒளிந்துகிடக்கிறது, தனித்தாளாகவே வைத்திருக்கலாம்.

1967-இல் மொழியியலாளர் பிட் கார்டர் எழுதிய கட்டுரையிலிருந்து அந்த யூனிட் தொடங்குகிறது. மாணவரின் மனத்தில் அந்த மொழி இப்போது எப்படி அமைந்திருக்கிறது என்பதை அவர் செய்யும் பிழை ஆசிரியருக்குக் காட்டுகிறது என்பது அவர் வாதம். அவசரத்தில் வரும் சறுக்கலை மாணவரே திருத்திக்கொள்வார். திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருகிறது என்றால் அதற்குப் பின்னால் மாணவர் தானாக வகுத்துக்கொண்ட ஒரு விதி இருக்கிறது. 1972-இல் லாரி செலிங்கர் இதை இன்னும் விரித்தார். தாய்மொழியும் அல்லாத, கற்கிற மொழியும் அல்லாத ஓர் இடைமொழி கற்பவரிடம் உருவாகிறது, அதற்கென்று ஓர் ஒழுங்கு உண்டு என்றார்.

வாசிக்கும்போது சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அசைன்மென்ட்டுக்கு உங்கள் மாணவர்களின் நோட்டுகளையே எடுத்து ஆராயச் சொல்கிறார்கள். நான் ஏழாம் வகுப்பு நோட்டுகளை எடுத்துக்கொண்டேன். ‘ஐ ஆம் லைக் மேங்கோ’, ‘ஐ ஆம் கோ டு டெம்பிள்’, ‘ஐ ஆம் பிளே கபடி’. தமிழ்நாட்டில் ஆங்கிலம் எடுக்கும் யாருக்கும் இந்த வாக்கியங்கள் புதிதல்ல. ஸ்டாஃப் ரூமில் கேட்டால் தமிழ்த் தாக்கம் என்பார்கள். ஆனால் ‘நான் செல்வி’ என்று சொல்லும்போது தமிழில் அந்த ‘ஆம்’ இருக்கும் இடத்தில் எதுவுமே கிடையாது. தமிழில் இல்லாதது தமிழிலிருந்து எப்படி வரும்?

நோட்டுகளை வரிசையாகப் பரப்பி வைத்துப் பார்த்தபோது விஷயம் பிடிபட்டது. ‘ஐ ஆம் லைக்’ என்று எழுதிய அதே பிள்ளை அடுத்த வரியில் ‘மை ஃபாதர் லைக் டீ’ என்று எழுதியிருக்கிறது. அங்கே ‘இஸ்’ வந்து ஒட்டவில்லை. ‘தே ஆர் லைக்’ என்று எழுதியவர்களும் மிகக் குறைவு. ‘ஐ’ வரும் இடத்தில் மட்டும்தான் இந்தப் பிழை. ஒன்றாம் வகுப்பிலிருந்து ‘ஐ ஆம் செல்வி’, ‘ஐ ஆம் எ கேர்ள்’ என்று கோரஸாகச் சொல்லிச் சொல்லி, ‘ஐ ஆம்’ மொத்தமும் சேர்ந்துதான் ‘நான்’ என்று பிள்ளைகள் மனத்தில் பதிந்திருக்கிறது. அவர்களைப் பொறுத்தவரை அது ஒரே சொல். அதைப் போய்ச் சிவப்பு மையால் அடித்து என்ன பயன்? ‘ஐ லைக்’, ‘ஐ வான்ட்’, ‘ஐ நோ’ என்று ‘ஐ’ தனியாக வரும் பேச்சைக் காதிலும் வாயிலும் நிறைய விழ வைக்க வேண்டும். அதைத்தான் அந்தப் பருவம் முழுக்கச் செய்தேன். எல்லாரிடமும் மறைந்துவிடவில்லை, பலரிடம் நன்றாகக் குறைந்தது. பிள்ளைகளின் நோட்டை இப்படி வாசிக்க எனக்கு பி.எட்.டில் யாரும் சொல்லித் தரவில்லை. இந்த ஒன்றுக்காகவே இந்தப் படிப்பைச் சிபாரிசு செய்வேன்.

அடுத்தது கற்பித்தல் முறைகள் தாள். இலக்கண மொழிபெயர்ப்பு முறை, நேர்முறை என்று ஒவ்வொன்றாக வரும் வரலாற்றைச் சீக்கிரம் கடந்துவிடலாம். என். எஸ். பிரபுவின் திட்டம் வரும் இடத்தில் நிதானமாகப் படியுங்கள். சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்தபோது அவர் 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சில சாதாரணப் பள்ளிகளில் நடத்தியது அது. இலக்கண விதியைச் சொல்லித் தராமல், ரயில் நேர அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வைத்து யோசித்து விடை காணும் வேலைகளை ஆங்கிலத்தில் கொடுத்தார்கள். முதலில் அதே மாதிரி ஒரு வேலையை ஆசிரியர் வகுப்பு முழுவதோடும் கேள்வி பதிலாகச் செய்வார். பிறகு மாணவர் தனித்தனியே செய்ய வேண்டும். குழுவாகப் பிரித்து உட்கார வைப்பது கிடையாது. நாற்பது பேருக்கு மேல் நெருக்கியடித்து உட்காரும், பெஞ்சை நகர்த்தக்கூட இடமில்லாத வகுப்புக்கு இது எவ்வளவு பொருத்தம் என்று பாருங்கள்! இப்படி வேலை கொடுத்து மொழியைக் கற்பிப்பதைத்தான் பணிவழிக் கற்பித்தல் என்கிறார்கள். உலகம் முழுக்க இன்று பேசப்படும் அந்த முறையின் முன்னோடிகளில் ஒன்று நம் பக்கத்துப் பள்ளிகளில் நடந்திருக்கிறது. எங்களுக்கு வந்த ஸ்டடி மெட்டீரியலில் அதற்கு ஒரு பக்கம்கூட முழுதாக ஒதுக்கவில்லை. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

எட்டாம் வகுப்பில் இதைச் செய்து பார்த்தேன். கரும்பலகையில் போளூரிலிருந்து வேலூர் போகும் பஸ்களின் நேரங்களை எழுதிப் போட்டேன். வேலூர் ஆஸ்பத்திரியில் பத்து மணிக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும், எந்த பஸ்ஸைப் பிடிப்பது, அதை விட்டுவிட்டால் அடுத்து என்ன செய்வது? எல்லாம் ஆங்கிலத்தில்தான் கேட்டேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன், அவன் அப்பா கண்டக்டர். வழக்கமாக வாயே திறக்க மாட்டான். எழுந்து நின்று, ‘நோ மிஸ், தட் பஸ் நோ ஸ்டாப் கண்ணமங்கலம், கோ ஃபாஸ்ட், நைன் தர்ட்டி வேலூர்’ என்றான். இலக்கணத்தை விடுங்கள். ஒரு காரணத்தை அவன் ஆங்கிலத்தில் எடுத்துவைத்து மற்றவர்களோடு வாதாடினான். அன்று வகுப்பு முடிந்தும் மூன்று பேர் அந்த அட்டவணையைப் பற்றியே பேசிக்கொண்டு போனார்கள்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். பிரபுவின் திட்டத்தைப் பற்றி 1985-இல் வெளிவந்த மதிப்பீட்டில், இப்படிப் படித்த மாணவர்கள் பணி சார்ந்த சோதனைகளிலும், வழக்கமான முறையில் படித்தவர்கள் இலக்கண அமைப்புச் சோதனையிலும் மேலே இருந்தார்கள். எதைச் சொல்லிக் கொடுத்தோமோ அது வளர்ந்திருக்கிறது. நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்துக்கு எழுத்துத் தேர்வு மட்டும்தான், பேச்சுக்கு அதில் இடமே இல்லை. அதனால்தான் ஒன்பதாம் வகுப்பிலேயே கைடும் மனப்பாடமும் ஆரம்பித்துவிடுகின்றன. தேர்வு எப்படி வகுப்பறையைப் பின்னோக்கி இழுக்கிறது என்பதை மதிப்பீட்டுத் தாள் நன்றாக விளக்குகிறது. கேள்வித்தாள் தயாரிக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் அதை அவசியம் படிக்க வேண்டும்.

இனி குறைகள். ஒலியியல் தாள் பெரிய ஏமாற்றம். பிரிட்டிஷ் தர உச்சரிப்பில் 20 உயிரொலி, 24 மெய்யொலி என்று 44 குறியீடுகளும் அச்சில் வந்தன. கேட்பதற்கு ஒரு ஒலிப்பதிவுகூடத் தரவில்லை. சொல்லைக் கொடுத்துக் குறியீட்டில் எழுதச் சொல்லும் தேர்வை, அந்த ஒலியை ஒருமுறைகூடக் கேட்காதவர்களும் மனப்பாடம் பண்ணி எழுதிவிடலாம். நம் பிள்ளைகள் ‘எக்ஸாம்’ என்பதை ‘யெக்ஸாம்’ என்றும், ‘பஸ்’ என்பதை ‘பஸ்ஸு’ என்றும் ஏன் சொல்கிறார்கள், சொல்லின் எந்த அசையை அழுத்துவது என்பது தமிழ் பேசுபவருக்கு ஏன் பிடிபடுவதில்லை என்பதெல்லாம் மெட்டீரியலில் இல்லவே இல்லை. கான்டாக்ட் கிளாஸில் ஒரு வயதான பேராசிரியர் வந்தார். எங்களையே ஒரு பத்தியைப் படிக்கச் சொல்லி போனில் பதிவு செய்து, திருப்பிப் போட்டுக் காட்டினார். மொத்தத் தாளிலும் கற்றுக்கொண்டதைவிட அந்த ஒரு காலை வேளையில் அதிகம் கற்றோம்.

அசைன்மென்ட் விஷயத்தில் கோபமே வந்தது. மாணவரின் பிழைக்கு ஆசிரியர் எப்படிப் பின்னூட்டம் தர வேண்டும் என்று ஒரு முழு யூனிட் இருக்கிறது. பிழையைச் சுட்டாமல் சரியான வடிவத்தை ஆசிரியரே திருப்பிச் சொல்வதுதான் வகுப்பறையில் அதிகம் நடக்கிறது, ஆனால் மாணவர் அதைக் கவனித்துத் தன் பேச்சைத் திருத்துவது குறைவு என்று லிஸ்டரும் ரன்டாவும் 1997-இல் காட்டியது அதில் வருகிறது. அருமையான ஆய்வு. அதைப் பற்றி ராத்திரி கண்விழித்து எழுதி அனுப்பினால், ஓரத்தில் ஒரு டிக், மேலே ஒரு மார்க், அவ்வளவுதான் திரும்பி வந்தது. எங்கே சரி, எங்கே இன்னும் யோசித்திருக்கலாம் என்று ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? ஆசிரியர்களுக்குக் கற்பிக்கும் இடத்தில் இது நடக்கவே கூடாது.

எடுத்துக்காட்டுகளும் நம்முடையவை அல்ல. பதினைந்து பேர் வட்டமாக உட்காரும் வகுப்பு, ஆளுக்கொரு அகராதி, பல நாட்டுக்காரர்கள் கலந்து படிக்கும் இடம். ஆசிரியரும் மாணவரும் ஒரே தாய்மொழி பேசும் வகுப்பில் அந்தத் தாய்மொழியை எவ்வளவு, எப்போது பயன்படுத்தலாம் என்பது நம் அன்றாடக் கேள்வி, அதைத் தொடவேயில்லை. அந்தக் குறையை நானே தேடிப் படித்துத்தான் ஓரளவு நிரப்பிக்கொண்டேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் போர்க்காலத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, தம் மாணவர்கள் அமெரிக்கப் பாடநூலின் ஓரங்களில் கிறுக்கி வைத்தவற்றையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். வகுப்பில் வாய்விட்டுச் சொல்லாத மறுப்பை அந்த ஓரங்களில் அவர்கள் எழுதியிருந்தார்கள். 1999-இல் வந்த அவர் நூலில் இது இருக்கிறது. பரிந்துரைப் பட்டியலின் கடைசியில் ஒற்றை வரியாக இருந்த பெயர் அது. தமிழ் பேசும் ஆசிரியர்கள் முதலில் படிக்க வேண்டியவர் அவர்தான் என்பேன்.

சேர்வதற்கு முன் பார்க்க வேண்டியவை சில. அரசுப் பள்ளியில் இருப்பவர்கள் உயர்கல்விக்குத் துறையின் முன் அனுமதி வாங்காமல் பணம் கட்டிவிடாதீர்கள். யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பணியகம் அந்த ஆண்டுக்கு அந்தப் படிப்பை அனுமதித்திருக்கிறதா என்று அவர்கள் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். முதுகலை ஆசிரியர் பதவி உயர்வை மனத்தில் வைத்திருந்தால், இந்தப் பட்டத்தை எம்.ஏ. ஆங்கிலத்துக்கு இணையாக ஏற்கிறார்களா என்று எழுத்தில் விசாரியுங்கள், தோழி சொன்னாள் என்று நம்ப வேண்டாம். ஊக்க ஊதியம் பற்றிய அரசாணைகளும் மாறியிருக்கின்றன, பழைய கணக்கில் சேராதீர்கள். எனக்குப் புத்தகம், போக்குவரத்து எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய்க்குள் முடிந்தது.

முடிந்தால் சேர்வதற்கு முன் ஏற்கெனவே படித்தவர் ஒருவரிடம் அவருடைய திருத்தப்பட்ட அசைன்மென்ட்டை வாங்கிப் பாருங்கள். அதில் திருத்தியவர் கையெழுத்தில் நாலு வரியாவது இருந்தால் தயங்காமல் சேருங்கள். ஒலியியல் தாளுக்கு ஒலிப்பதிவு தருகிறார்களா என்றும் கேளுங்கள். இல்லை என்றால் வேறு பல்கலைக்கழகம் பாருங்கள்.