முகப்பில் ரூட்டர், இரண்டாம் கட்டில் கம்ப்யூட்டர்: செட்டிநாட்டு வீட்டுக்கு எது ஒத்துவரும்?

யூடியூபில் கருவி விமர்சனம் செய்கிறவர்கள் பெரும்பாலும் நகரத்து ஃபிளாட்டில் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஹாலில் ரூட்டரை வைத்தால் பாத்ரூம் வரை சிக்னல் வந்துவிடும் வீடு அது. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகள் வேறு ரகம். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவில் வளவு, முற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி. சுவரெல்லாம் செங்கல்லும் சுண்ணாம்புமாக அகலம் அகலமாக. இந்த வீட்டுக்குள் நகரத்துக்காரரின் ‘டாப் 5’ பட்டியலைத் தூக்கிக்கொண்டு வந்தால் பாதி செல்லாது.

பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் நிலாவை அனிமேஷன் செய்வது, மொட்டைமாடியில் டெலஸ்கோப் வைப்பது, இரண்டும் எனக்குப் பைத்தியம். இந்த இரண்டுக்கும் இந்த ஊரில் எந்த இணைப்பு, எந்தக் கருவி என்பதைத்தான் எதிரெதிரே நிறுத்திப் பார்க்கிறேன்.

ஃபைபரா, ஏர்ஃபைபரா?

இங்கே உண்மையான போட்டி இரண்டுக்கு நடுவில்தான். ஒன்று, வீடு வரை கண்ணாடி இழை. பிஎஸ்என்எல் தருகிறது, பெரிய தனியார் கம்பெனிகள் தருகின்றன, தெருவில் கேபிள் டிவி நடத்துகிறவரும் தருகிறார். இன்னொன்று, மாடியில் ஒரு பெட்டியை மாட்டி 5ஜி டவரிலிருந்து இழுக்கிற ஏர்ஃபைபர். ஏர்டெலும் ஜியோவும் 2023-இல் இதைத் தொடங்கின. பெயரில்தான் ஃபைபர், வீட்டுக்கு வருவது ரேடியோ அலை.

இரண்டுக்கும் விளம்பரத்தில் 100 எம்பிபிஎஸ் என்று போட்டிருக்கும். அது இறக்கும் வேகம். ஏற்றும் வேகம் எவ்வளவு என்று கேளுங்கள், கடைக்காரர் முகம் மாறும். 5ஜி-யில் ஒரே அலைவரிசையையே நேரத்தைப் பங்கு போட்டு இறக்கவும் ஏற்றவும் பயன்படுத்துகிறார்கள். அந்தப் பங்கில் பெரும்பகுதி இறக்குவதற்கே போகும், ஏனென்றால் முக்கால்வாசிப் பேர் படம் பார்க்கத்தான் இணைப்பு வாங்குகிறார்கள். வீட்டு ஃபைபரில் பரவலாக இருக்கும் ஜிபான் முறையில் ஒரு இழைக்கு இறக்க சுமார் 2.5 ஜிபிபிஎஸ், ஏற்ற சுமார் 1.25 ஜிபிபிஎஸ். அதை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிப்பார்கள். பிரித்த பிறகும் ஏற்றுவதற்குத் தாராளமாக மிஞ்சும். அதனால்தான் சில திட்டங்களில் இரு பக்கமும் ஒரே வேகம் கொடுக்க முடிகிறது.

4 ஜிபி அனிமேஷன் கோப்பு ஒன்றை வெளியே அனுப்ப வேண்டும் என்று வையுங்கள். ஏற்றும் வேகம் 10 எம்பிபிஎஸ் என்றால் 53 நிமிடம். 100 எம்பிபிஎஸ் என்றால் ஐந்தரை நிமிடத்துக்குள் முடிந்தது. சீரியலும் கிரிக்கெட்டும் பார்க்கிற வீட்டுக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது, அவர்களுக்கு ஏர்ஃபைபர் போதும். அனிமேஷன்காரனுக்கு இதுதான் எல்லாமே.

சரி, எது அடிக்கடி படுக்கும்? இதில் ஃபைபர் பக்கம் ஒரு பலவீனம் உண்டு, அதுவும் நம்ம ஊர்ப் பலவீனம். இழை பெரும்பாலும் கம்பத்துக்குக் கம்பம் தொங்கியபடிதான் வருகிறது. தேர் வரும் தெருவில் குறுக்கே போகும் ஒயரை எல்லாம் இறக்கி, தேர் போனபின் ஏற்றுவார்கள். கொப்புடையம்மன் தேர் வரும் வைகாசியில் காரைக்குடியில் அந்தத் தெருக்களில் குடியிருந்தால் தெரியும். ஏற்றும்போது எங்காவது இழை மடங்கினால் பெட்டியில் சிக்னல் இல்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரியும். அப்புறம் சாலை தோண்டும் ஜேசிபி இருக்கவே இருக்கிறது. அந்த நேரத்தில் கம்பெனி எவ்வளவு பெரியது என்பது முக்கியமில்லை, இழையை ஒட்டும் மெஷின் எந்த ஊரில் இருக்கிறது என்பதே முக்கியம். புகார் எண் கொடுத்துவிட்டு நாள்கணக்கில் காணாமல் போன பெரிய சேவையையும் பார்த்திருக்கிறேன், “அண்ணே, கம்பத்துல ஏறிட்டேன், விளக்கு பச்சையாச்சா பாருங்க” என்று காலையிலேயே போன் செய்யும் கேபிள்காரரையும் பார்த்திருக்கிறேன். இணைப்பு வாங்கும் முன் அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டியது இதைத்தான்.

ஏர்ஃபைபரில் அறுபட ஒயர் இல்லை. மழைக்கு 5ஜி போய்விடும் என்ற பயமும் வேண்டாம், 3.5 கிகாஹெர்ட்ஸ் அலையை மழை பெரிதாகத் தடுக்காது. ஆனால் டவர் எல்லோருக்கும் பொது. ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடக்கும் வீடுகள் முகூர்த்த நாளிலும் திருவிழாவிலும் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்து நிறைகின்றன. வந்தவர் கையில் எல்லாம் ஒரு போன். அன்றைக்கு வேகத்தை அளந்து பார்க்காதீர்கள், மனசு கெட்டுப் போகும்.

என் தீர்ப்பு: தெருவில் ஃபைபர் இருந்தால் ஃபைபர், அது படுத்தால் போன் ஹாட்ஸ்பாட். ஊருக்கு வெளியே தோட்டத்து வீடு, இழை வராது என்றால் ஏர்ஃபைபர். ஸ்டார்லிங்க்குக்கு 2025-இல் இந்தியாவில் உரிமம் கிடைத்தது என்றதும் நிறையப் பேர் என்னிடம் ஆவலாக விசாரித்தார்கள். சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் செயற்கைக்கோள் என்பதால், 35,786 கிலோமீட்டரில் நிற்கும் பழைய வகையை விடத் தாமதம் மிகக் குறைவு, அது நிஜம். ஆனால் கேபிள்காரர் வரும் தெருவில் அதற்கு என்ன வேலை? தவிர, வானத்தைப் படமெடுக்கிறவனிடம் அதைப் பற்றிக் கேட்கக் கூடாது. நல்ல படத்தின் குறுக்கே கோடு இழுத்துவிட்டுப் போகும் ஜாதி அது.

வீட்டுக்குள்ளே: மெஷ்ஷா, ஒயரா?

வெளியிலிருந்து 100 வந்தாலும் இரண்டாம் கட்டுக்கு 5 வந்தால் என்ன பிரயோஜனம்? 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இந்தச் சுவர்களில் தோற்றுப்போகும், 2.4 கொஞ்சம் ஊடுருவும், ஆனால் மெதுவாக. மெஷ் கருவிகள், அதாவது வைஃபையை ஒன்றுக்கொன்று கைமாற்றும் பெட்டிகள், நல்லவைதான். ஆனால் இரண்டு பெட்டிக்கு நடுவில் அதே சுவர் நின்றால் அதே கதைதான். மெஷ் வாங்கினால் ஒன்றை முற்றத்தின் இந்தப் பக்கத் தாழ்வாரத்திலும் மற்றதை எதிர்ப் பக்கத்திலும் வையுங்கள், நடுவில் வெட்டவெளி இருப்பதால் நன்றாகப் பேசிக்கொள்ளும். முற்றம் வைத்துக் கட்டியவர்களுக்கு நன்றி.

ஒரே இடத்தில் நிற்கும் கம்ப்யூட்டருக்கு கேட் 6 வகை நெட்வொர்க் ஒயரே போதும். 100 மீட்டர் வரை ஓடும், எந்த வீட்டுக்கும் அது தாராளம். உத்தரத்தை ஒட்டியே இழுத்தால் கண்ணுக்கும் தெரியாது. மொட்டைமாடி வழியாகத் திறந்தவெளியில் மட்டும் செப்பு ஒயர் வேண்டாம். ஐப்பசி இடி ஒன்று போதும், ரூட்டரும் கம்ப்யூட்டரும் சேர்ந்தே போகும்.

ரெண்டர் வீட்டிலா, வெளியிலா?

லேப்டாப்பா டெஸ்க்டாப்பா என்பதற்கு நேரம் வீணாக்க வேண்டாம், டெஸ்க்டாப். சித்திரை வெயிலில் ராத்திரி முழுக்க ரெண்டர் (3டி காட்சியை ஒவ்வொரு ஃபிரேமாகப் படமாக்கும் வேலை) ஓடினால் லேப்டாப் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

யோசிக்க வேண்டியது கிராஃபிக்ஸ் கார்டில். ஆர்டிஎக்ஸ் 4060 புதியது, வேகமானது, 115 வாட்தான் இழுக்கும். ஆர்டிஎக்ஸ் 3060 பழையது, 170 வாட். விமர்சனம் எல்லாம் 4060 பக்கம்தான் சாயும். நான் 3060 பக்கம், 12 ஜிபி நினைவகம் உள்ள வகை என்றால் மட்டும். 4060-இல் 8 ஜிபிதான். காரணம் நிலா. அனிமேஷன் செய்கிறவர்களுக்காகவே நாசா நிலாவின் வரைபடங்களை இலவசமாகக் கொடுத்திருக்கிறது. அதில் பெரிய வண்ணப்படம் 27,360 × 13,680 பிக்சல். கார்டுக்குள் விரித்தால் அது ஒன்றே 1.5 ஜிபி. மேடு பள்ளத்துக்கான 23,040 × 11,520 படம் இன்னொரு 1 ஜிபி. அந்த மேடு பள்ளத்தை நிஜமான மேற்பரப்பாக மாற்ற, நிலா உருண்டையைக் கோடிக்கணக்கான குட்டி முகங்களாக உடைக்க வேண்டும், அங்கேதான் 8 ஜிபி மூச்சு வாங்கும். நினைவகம் நிறைந்தால் ஒன்று, ரெண்டர் நின்றுபோகும், இல்லாவிட்டால் கணினியின் பொது நினைவகத்துக்குத் தாவி ஊர்ந்து போகும்.

பிளெண்டரின் இரண்டு ரெண்டர் முறைகளில், துல்லியமான ஆனால் மெதுவான சைக்கிள்ஸா, வேகமான ஈவியா என்று ஒரு சண்டை எப்போதும் உண்டு. ஈவி என்றால் விளையாட்டுத்தனம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி: 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வாங்கிய லாட்வியப் படம் ‘ஃப்ளோ’ பிளெண்டரில் உருவாகி ஈவியில் ரெண்டர் ஆனது. நிலாவைத் தூரத்திலிருந்து காட்ட எனக்கும் ஈவி போதும். பகலும் இரவும் சந்திக்கும் விளிம்பில் பள்ளங்களின் நீள நிழல் வேண்டும் என்றால்தான் சைக்கிள்ஸ்.

அப்போதுதான் கணக்கு வலிக்கும். விநாடிக்கு 24 ஃபிரேம், ஒரு நிமிடப் படத்துக்கு 1,440. ஒரு ஃபிரேமுக்கு 2 நிமிடம் என்றால் 48 மணி நேரம். கம்ப்யூட்டர் 300 வாட் இழுத்தால் 14 யூனிட்டுக்கு மேல். இது ஒன்றும் கொள்ளைச் செலவில்லை, ஆனால் ஏசி ஓடும் கோடையில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் ஸ்லாப் மாறிவிடும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலையில் கரண்ட் போனால் சாயங்காலம்தான் வரும். 12 வோல்ட் 150 ஏஎச் பேட்டரி காகிதத்தில் 1.8 யூனிட், நடைமுறையில் அதைவிடக் குறைவு. அதை ரெண்டருக்குக் கொடுத்தால் வீட்டில் ஃபேன் ஓடாது, ஆச்சி சும்மா விடமாட்டார். ஆகவே வீடியோவாக இல்லாமல் ஒவ்வொரு ஃபிரேமையும் தனிப் படமாகவே எழுதவிடுங்கள். நின்ற இடத்திலிருந்து தொடரலாம்.

வெளியே அனுப்புவதில் இரண்டு வகை. காசு கொடுத்தால் ரெண்டர் ஃபார்ம், அதாவது நிறையக் கம்ப்யூட்டர்களை வாடகைக்கு விடும் சேவை, மளமளவென்று முடித்துத் தரும். ஷீப்இட் என்ற இலவச ஏற்பாட்டில், நம் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது மற்றவர்களுடைய ஃபிரேமை ரெண்டர் செய்து கொடுக்கிறோம், அது புள்ளியாக ஏறுகிறது, நம் படம் வரும்போது மற்றவர்கள் செய்து தருகிறார்கள். மொய் நோட்டு அப்படியே. ஆனால் கோப்பு அளவுக்கு அங்கே வரம்பு உண்டு, நிலாவின் பெரிய வரைபடங்களைச் சுருக்கித்தான் அனுப்ப வேண்டும்.

இரண்டிலும் தடை ஒன்றுதான்: ஏற்றும் வேகம். ஒளியை ஒரு டிகிரி திருப்பியதும் மறுபடி அனுப்பு, ஒரு கேமரா அசைவு பிடிக்கவில்லை, மறுபடி அனுப்பு. திரும்பி வருவதும் லேசில்லை. தரம் குறையாமல் சேமிக்கும் இஎக்ஸ்ஆர் வகைப் படம் ஒன்று 25 எம்பி என்றால் 1,440-க்கு 36 ஜிபி. அதனால் திருத்தம் எல்லாம் வீட்டிலேயே, கடைசிப் பிரதி மட்டும், அதுவும் அவசரம் என்றால் மட்டும், வெளியே.

டெலஸ்கோப்பில் மட்டும் விடை கட்சி மாறுகிறது

காரைக்குடி இருப்பது வடக்கே 10 டிகிரியில். துருவ நட்சத்திரம் ஓர் ஊரில் எத்தனை டிகிரி உயரத்தில் தெரியுமோ, அதுவே அந்த ஊரின் அட்சரேகை. ஆக இங்கே அது அடிவானத்திலிருந்து வெறும் 10 டிகிரி, தென்னை மரமோ பக்கத்து வீட்டுக் கைப்பிடிச் சுவரோ மறைத்துவிடும். வெளிநாட்டு வீடியோக்களில் புகழப்படும் ஈக்வடோரியல் மவுண்ட்டை (வானம் சுழல்வதற்கு ஏற்ப டெலஸ்கோப்பைத் திருப்பும் தாங்கியை) அந்த நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் நேர்படுத்துகிறார்கள். சில மவுண்ட்களை 10 டிகிரி வரை தாழ்த்தவே முடியாது. முதல் கருவியாக அதை வாங்காதீர்கள்.

மிஞ்சுவது 8 அங்குல டாப்சோனியனும், 50 மில்லிமீட்டர் தானே படமெடுத்துப் போனுக்கு அனுப்பும் சீஸ்டார் எஸ் 50 போன்ற ஸ்மார்ட் டெலஸ்கோப்பும். டாப்சோனியன் ஒரு கண்ணாடி, ஒரு குழாய், ஒரு சுழல் பலகை, அவ்வளவுதான். இருட்டுக்குப் பழகிய கண்ணின் பாவை 7 மில்லிமீட்டர் விரியும். 200 மில்லிமீட்டர் கண்ணாடி அதைப்போல 800 மடங்கு ஒளி சேர்க்கும். சனியின் வளையத்தை நேராகக் கண்ணால் பார்க்க இதுதான். சீஸ்டாரில் குவியத் தூரம் 250 மில்லிமீட்டர்தான், ஒரு பிக்சலுக்குச் சுமார் 2.4 ஆர்க் விநாடி (ஒரு ஆர்க் விநாடி என்பது ஒரு டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு). நன்றாகத் தெரியும் காலத்து வியாழனே அதில் சுமார் 20 பிக்சல் அகலம்தான் வரும். கோள் பார்க்க ஆசைப்பட்டு அதை வாங்கினால் ஏமாற்றம்தான்.

நெபுலா, அதாவது விண்வெளி வாயு மேகம், என்றால் கதை தலைகீழ். தெருவிளக்கு வெளிச்சத்தை வடிகட்டி, படத்தின் மேல் படம் அடுக்கி, ஓரியன் நெபுலாவை நிறத்தோடு போனில் காட்டும். தன் வைஃபையைத் தானே உண்டாக்கிக்கொள்வதால் இணைய இணைப்பே வேண்டாம். டவுனுக்குள் இருக்கிறவருக்கு ஸ்மார்ட், கானாடுகாத்தான் மாதிரி கொஞ்சம் இருட்டு மிச்சமிருக்கும் ஊர்க்காரருக்கு டாப்சோனியன் என்பேன்.

தெற்கே இருப்பதில் லாபமும் உண்டு. சித்திரை, வைகாசி இரவுகளில் ஒமேகா சென்டாரி என்ற கோளக் கொத்து இங்கே 32 டிகிரி வரை ஏறுகிறது. சுமார் 1 கோடி நட்சத்திரங்கள். லண்டன்காரர் வீட்டிலிருந்து அதைப் பார்க்க வழியே இல்லை. ஜவ்வாது மலைக் காவலூரில் இருக்கும் வானாய்வகத்துக்கு வானியலாளர் வைணு பாப்பு இடம் தேடியபோதும் தென்வானம் தெரிவது ஒரு காரணமாக இருந்தது.

மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது: டெலஸ்கோப்பே வாங்காமல் இருப்பது. ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங்கில் இருக்கும் கருவியை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். ஹார்வர்டு-ஸ்மித்சோனியன் மையத்தின் மைக்ரோஅப்சர்வேட்டரியில் இலவசமாகவே கேட்கலாம், படம் மின்னஞ்சலில் வரும். சந்திரயான்-2 எடுத்த படங்களை இஸ்ரோவின் பிரதான் தளத்தில் இறக்கிக்கொள்ளலாம். அதன் உயர்திறன் கேமரா பிக்சலுக்கு 25 சென்டிமீட்டர் வரை பார்க்கும். ரெண்டரை வெளியே அனுப்பாதே என்ற நான் இதற்குச் சரி என்கிறேன். இதில் ஏற்றுவதற்கு ஒன்றுமில்லை, இறக்கம் மட்டும்தான், சுமாரான ஏர்ஃபைபரே போதும். வடகிழக்குப் பருவமழையில் வாரக்கணக்கில் வானம் மூடிக்கிடக்கும்போது எனக்கு இதுதான் துணை.

டாப்சோனியன்தான் என்று முடிவெடுத்தவர்கள் இரண்டு விஷயம் பாருங்கள். பகல் வெயிலை வாங்கிய தளம் ராத்திரி ஒன்பது, பத்து வரை சூடு விடும், அதுவரை கோள்கள் நெளியும். பட்டியக்கல்லும் ஓடும் இல்லாத மண் தரை கிடைத்தால் அங்கே வையுங்கள். இல்லை, மாடிதான் என்றால், குழாய் 1.2 மீட்டர் நீளம், எடை 10 கிலோவுக்கு மேல், அடிப்பலகை தனி. பணம் கட்டும் முன் உங்கள் வீட்டு மாடிப்படியின் அகலத்தையும் அதன் திருப்பத்தையும் டேப் பிடித்து அளந்துவிடுங்கள்.