புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள் பெட்டி: 2,400 ரூபாவுக்கு வீட்டுக்கு வந்தது

2025 பெப்ரவரியில் வாங்கினேன். மகள் ஓகஸ்ட் 10 ஆம் திகதி, இங்கே இலங்கையில் நடக்கிற தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை எழுதினாள். எத்தனை புள்ளி என்று மட்டும் கேட்காதேங்கோ. அயல் முழுக்கக் கேட்டு ஓய்ந்துவிட்டது, இங்கே திரும்பத் தொடங்க வேண்டாம். அடுத்த முறை எழுதப்போகும் பிள்ளைகளின் அம்மாக்கள் இப்போதே புத்தகக்கடைப் பக்கம் போகத் தொடங்கியிருப்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். வெளியீட்டாரின் பெயரை எழுதப்போவதில்லை. இந்த மாதிரிப் பெட்டிகள் கடையில் நாலைந்து கிடக்கின்றன, நான் புரட்டிப் பார்த்தவரை எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

பெட்டிக்குள் 25 தொகுதி வினாத்தாள், ஒவ்வொன்றிலும் பகுதி I, பகுதி II. கூடவே ஒரு விடைப் புத்தகம். மூடியில் தங்க எழுத்தில் ‘எதிர்பார்க்கை வினாக்கள்’ என்று போட்டிருந்தது. கடைத் தம்பி, “போன முறை வந்த கேள்வியள் இதிலயும் இருந்தது அக்கா” என்றார். எனக்கு உடனே வயிற்றைப் பிசைந்தது. போன முறை, அதாவது 2024 செப்டெம்பர் பரீட்சையில், முதலாம் வினாத்தாளின் மூன்று கேள்விகள் முன்கூட்டியே வெளியே போய், வழக்கு உயர் நீதிமன்றம் வரை இழுபட்டு, டிசெம்பர் 31 ஆம் திகதிதான் முடிவு வந்தது. மறுபரீட்சை இல்லை, அந்த மூன்றுக்கும் எல்லாருக்கும் புள்ளி. அதுவரை பத்து வயதுப் பிள்ளைகள் பெறுபேறு இல்லாமல் காத்துக்கிடந்தார்கள். அந்தச் சூடு ஆறமுதலே ஒருவர் ‘வந்த கேள்வி’ என்பதை விளம்பரமாகச் சொல்கிறார்! அப்படியிருந்தும் வாங்கினேன். பக்கத்து வீட்டில் இரண்டு பெட்டி இருந்தது, வேறென்ன.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தாள் தடிப்பு, பென்சிலால் எழுதி அழித்தாலும் லேசில் கிழியாது. எழுத்தும் பெரிது. தமிழ்ப் பகுதி உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. ஆறாவது தொகுதியில் நுங்கு விற்கிறவரின் வண்டில் பற்றி ஒரு பந்தி வருகிறது, மகள் அதைக் கேள்விக்காக இல்லாமல் கதையாகவே இரண்டு தரம் வாசித்தாள். சுற்றாடல் கேள்விகள் பாடநூலை ஒட்டிப் போகின்றன, குறை இல்லை. சிங்களமும் ஆங்கிலமும் பேருக்கு.

குறை முழுக்கப் பகுதி I இல். அதுதான் நுண்ணறிவுத் தாள்: 40 கேள்வி, ஒரு மணித்தியாலம். பிள்ளைகள் தடுமாறுவதும் தாய்மார் காசைக் கொட்டுவதும் அதற்குத்தான்.

நாலாவது தொகுதியில் ஒரு எண்கோலம்: 2, 3, 5, 8, 12, அடுத்தது என்ன? மகள் 17 என்று எழுதியிருந்தாள். நான் குசினியில் நிற்க, அவளாகவே விடைப் புத்தகத்தைப் பார்த்துத் திருத்திக்கொண்டிருந்தாள். வந்து பார்த்தால் 17 ஐ அழித்து 18 என்று போட்டிருக்கிறாள். அழித்த வேகத்தில் அந்தத் தடித்த தாளே நைந்துபோயிருந்தது.

“ஏன் பிள்ளை அழிச்சனீங்கள்?”

“விடைப் புத்தகத்தில 18 எண்டு கிடக்கு.”

“எப்பிடி 18 வரும்? ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு எண்டு கூடிக்கொண்டு வருது. அடுத்தது அஞ்சு.”

“தெரியும் அம்மா. ஆனா புத்தகத்தில அப்பிடித்தானே கிடக்கு.”

தெரியும் என்கிறாள், அழிக்கவும் செய்கிறாள். அந்தப் பெட்டியில் எனக்கு மிகவும் கோபம் வந்த இடம் இதுதான். பிறகு நானே உட்கார்ந்து பார்த்ததில் முதல் பத்துத் தொகுதிக்குள் ஏழு பிழையான விடைகள். பெட்டியில் இருந்த இலக்கத்துக்கு எடுத்துச் சொன்னேன். “அச்சுப்பிழை அக்கா, அடுத்த பதிப்பில திருத்துவம்” என்றார்கள். திருத்தத் தாள் ஒன்றை அனுப்பச் சொன்னேன். இன்றுவரை வரவில்லை.

இரண்டாவது விசயம் பிழையைவிட மோசம், ஏனென்றால் அது பிழையாகத் தெரியாது. கண்ணாடியில் மணிக்கூடு பார்க்கும் கேள்வி எல்லாருக்கும் தெரிந்ததுதான். கண்ணாடியில் 8.20 போலத் தெரிந்தால் உண்மை நேரம் என்ன? விடைப் புத்தகத்தில் பெட்டி கட்டி ஒரு வழி கொடுத்திருக்கிறார்கள்: ‘12 இலிருந்து கழிக்கவும்.’ 3.40. சரிதான். 25 தொகுதியிலும் அதே கேள்வி, நேரம் மட்டும் மாறும். மகள் ஒன்றுகூடப் பிழைவிடவில்லை. எனக்கும் சந்தோசம்தான்.

ஒரு பின்னேரம் சும்மா கேட்டேன்: “கண்ணாடியில 8.20 தெரியுது. உண்மையில 35 நிமிசத்துக்கு முதல் எத்தினை மணி?” அவள் 8.20 இலிருந்து 35 ஐக் கழித்து 7.45 ஆக்கி, அதை 12 இலிருந்து கழித்து 4.15 என்றாள். முன்னைய நேரத்தைக் கேட்டால் பிந்திய நேரத்தைச் சொல்கிறாள், அதுவும் ஒரு சந்தேகமும் இல்லாமல்.

இவர் முகம் வழிக்கிற கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து விறாந்தை மணிக்கூட்டுக்கு எதிரே பிடித்தார். மாமிகூட எழும்பி வந்து பார்த்தா. நொடி முள் மறுபக்கமாகச் சுற்றுவதை மகள் கொஞ்ச நேரம் வாய் திறந்து பார்த்துக்கொண்டே நின்றாள். “அம்மா, கண்ணாடிக்குள்ள நேரம் பின்னால போகுது!” பிறகு அவளே விரலை மடக்கிச் சொன்னாள்: “அப்ப 3.05. அந்த நேரம் கண்ணாடியில 8.55 எண்டு காட்டியிருக்கும்.” மாதக்கணக்காகப் பெட்டி சொல்லித் தராததை அந்தக் கண்ணாடி ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்தது.

நான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள், எதையும் கொப்பியில் போடாவிட்டால் நித்திரை வராது. ஒவ்வொரு ஞாயிறும் பகுதி I இல் 40 க்கு எத்தனை சரி என்று எழுதிவைத்தேன். பெட்டித் தாளில் முதல் வாரம் 23, பன்னிரண்டாவது தொகுதியில் 35. வீட்டில் பாயாசம் காய்ச்சியாயிற்று. ஆனால் பரீட்சைத் திணைக்களத்தின் கடந்தகால வினாத்தாள்களையும் இடைக்கிடை கொடுத்துவந்தேன். அதில் தொடக்கத்தில் 24, மூன்று மாதம் கழித்து 25. இரண்டு நிரலையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோதுதான் விளங்கியது. கூடியது பிள்ளையின் கெட்டித்தனம் இல்லை, அந்தப் பெட்டியைச் செய்தவர் எப்படிக் கேட்பார் என்ற பழக்கம்.

இன்னொன்று. மெய்யான பரீட்சையில் பகுதி II தான் முதலில். காலை 9.30 முதல் 10.45 வரை அது, அரை மணித்தியால இடைவேளை, பிறகு 11.15 இலிருந்து 12.15 வரை பகுதி I. களைத்துப்போன தலையோடுதான் நுண்ணறிவுக்குப் போக வேண்டும். பெட்டியின் அறிவுறுத்தலோ பகுதி I ஐ முதலில் செய்யச் சொல்கிறது, நேரக் கணக்கு ஒன்றுமே இல்லை. பழைய பெட்டிக்குப் புது மூடி போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஏப்ரலுக்குப் பிறகு ஞாயிறுகளில் சரியாக 9.30 க்கு மேசையில் இருத்தினேன், இடைவேளைக்கு ஒரு வாழைப்பழமும் தண்ணீரும். முதல் இரண்டு வாரமும் பகுதி I இல் கடைசி ஏழெட்டுக் கேள்வி வெறுமையாகவே கிடந்தது. பிறகு பழகிவிட்டாள்.

ஜூன் தொடக்கத்தில் பெட்டியை மூடிவைத்தேன். அதற்குப் பிறகு கடந்தகால வினாத்தாள் ஐந்து வருடத்தினதைத் திணைக்களத்தின் தளத்திலிருந்து எடுத்துப் போட்டோக்கொப்பி அடித்தேன், 640 ரூபா. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் பயிற்சிகள் இலவசமாக இருக்கின்றன. பிழைவிட்ட கேள்வி ஒவ்வொன்றையும் கத்தரித்து ஒரு கொப்பியில் ஒட்டி, ஏன் பிழைத்தது என்று அவளையே ஒரு வரி எழுதச் சொன்னேன். ‘அவசரம்’ என்றுதான் அரைவாசியில் எழுதியிருக்கிறாள். ஒரு இடத்தில் மட்டும் ‘அம்மா பக்கத்தில நிண்டவா.’

இலவசக் கல்வியைக் கொண்டுவந்த கல்வி அமைச்சர் கன்னங்கராவின் காலத்தில் கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளையை நல்ல பள்ளிக்கூடத்துக்கு எடுக்கத் தொடங்கிய உதவி இது. இன்று அதற்கு முதல் 2,400 ரூபாப் பெட்டி, ரியூசன் காசு, ஓட்டோக் காசு. வருடத்துக்கு மூன்று லட்சம் பிள்ளைகள் அளவில் எழுதுகிறார்கள், பெட்டிக்காரருக்கு என்ன குறை?

நட்சத்திரம் கொடுக்கச் சொன்னால் இரண்டு. ஒன்று தாளுக்கு, ஒன்று நுங்கு வண்டிலுக்கு. இன்னும் 9 தொகுதி கைபடாமல் இருக்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் சும்மா தருகிறேன். விடைப் புத்தகத்தை மட்டும் தரமாட்டேன்.