உரிமையாளரிடமா, விற்பனையகத்திலா? பழைய கார் வாங்குபவருக்குச் சட்டம் தரும் துணை

ஒரே ஆண்டில் பதிவான ஒரே மாடல் காருக்கு உரிமையாளர் 4.25 இலட்சமும் விற்பனையகம் 4.75 இலட்சமும் சொன்னால், கூடுதலான 50 ஆயிரத்தில் ஒரு பகுதியை, பின்னால் பிரச்சினை வந்தால் முறையிடும் உரிமைக்கான விலையாகவே நான் கணக்கிடுவேன்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளை வணிகமாக விற்பவரையே குறிவைக்கிறது. ஆகவே, விற்பனையகத்தில் வாங்கிய கார் சொன்னபடி இல்லையென்றால், வாங்கியவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். கொடுத்த விலை 5 இலட்சத்தைத் தாண்டாவிட்டால் மனுக் கட்டணமும் இல்லை.

தம் சொந்தக் காரை விற்கும் தனிநபரிடம் வாங்கியவருக்கு இந்த வழி பெரும்பாலும் கிடைப்பதில்லை. அவர் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தை நம்பி உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அச்சட்டத்தின் 19ஆம் பிரிவிலோ ஒரு முடிச்சு இருக்கிறது: விற்றவர் குறையைச் சொல்லாமல் விட்டார் என்பது மட்டுமே புகார் என்றால், சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தாலே அது தெரிந்திருக்கும் என்ற நிலையில் ஒப்பந்தத்தை ரத்து செய்ய இயலாது. நான் பார்க்கப் போன ஒரு காரில் மீட்டர் 38,000 கி.மீ. காட்டியது, கிளட்ச் பெடலின் ரப்பரோ வரிகள் அழிந்து வழுவழுவென்று இருந்தது. ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்ட மீட்டரைத் திருத்துவது வெறும் மௌனத்தைவிடக் கடுமையான ஏமாற்று என்றாலும், திருத்தியது இந்த உரிமையாளரா, அவருக்கு முந்தையவரா என்பதை சர்வீஸ் பதிவுகள் இல்லாமல் நிறுவுவது கடினம்.

காப்பீட்டைப் பொறுத்தவரை இரண்டு வழிக்கும் வேறுபாடில்லை. மூன்றாம் நபர் காப்பீடு வாங்கியவர் பெயருக்குத் தானாக மாறும். சொந்தச் சேதத்துக்கான காப்பீடு அப்படி மாறாது என்பதால், 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட டீலர் விதிகள், வண்டியை டீலரிடம் ஒப்படைத்துப் பெயர் மாறாமல் தவித்த பழைய உரிமையாளருக்கே அதிகம் உதவுகின்றன.

விற்பனையகம் என்று பலகை மாட்டியிருப்போர் பலர் உண்மையில் கமிஷனுக்கு இடையில் நிற்பவர்கள்தாம். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் பழைய உரிமையாளரின் கையெழுத்து, கையில் ஒரு துண்டுச் சீட்டு, நிறுவனத்தின் பெயரில் பில் கிடையாது என்றால், தகராறு வரும்போது “நாங்கள் விற்கவில்லை, அறிமுகம் மட்டுமே செய்தோம்” என்ற பதில்தான் முதலில் வரும். கமிஷன் வாங்கியதை வைத்துச் சேவைக் குறைபாடு என்று வாதிடலாம், அது சுற்றுவழி. பில்லில் நிறுவனத்தின் பெயரும் மீட்டர் அளவும் எழுதித் தருபவருக்கு அந்த 50 ஆயிரத்தைக் கொடுக்கலாம், மறுப்பவரிடம் 4.25 இலட்சத்திலிருந்துதான் பேரத்தைத் தொடங்க வேண்டும்.