டெமோ காட்டி விக்கிற ஆர்ஓ வாட்டர் பில்டர் – ஹட்டன் பக்கத்துல இருந்து ஒரு ரிவியூ

அஞ்சுக்கு ரெண்டு ஸ்டார். ரெண்டுமே மெஷினுக்கு, வித்த விதத்துக்கு ஒண்ணும் இல்ல. கம்பனி பேர போடல, பல பேரு இதே மாதிரிதான் விக்கிறாங்க.

ஒரு ஞாயித்துக்கெழம எங்க தேயிலைத் தோட்டத்து கோயில் மண்டபத்துல டெமோன்னு லயத்துல (தொழிலாளர் வரிசை வீடுங்க) உள்ளவங்கள எல்லாம் கூப்பிட்டாங்க, அம்மா போனாங்க, நானும் அக்கா மகளும் பின்னாடியே போனோம். டை கட்டுன தம்பி ஒருத்தரு, நல்லா பேசுனாரு. மொதல்ல ஆமான்னு மட்டுமே சொல்லக்கூடிய கேள்விங்க. புள்ளைங்க மேல பாசம் இருக்காம்மா? நோய் நொடி இல்லாம வளரணும் இல்லையா? இப்படி அரை மணி நேரம் ஆமா ஆமான்னு தலையாட்டிட்டு கடைசில வேணாம்னு சொல்ல வாய் வராது, அதுக்குத்தான் அந்தக் கேள்வியே.

பெறகு ரெண்டு கிளாஸ். ஒண்ணுல எங்க பீலித் தண்ணி, மத்ததுல மெஷின் தண்ணி. கம்பி வச்ச ஒரு சாமான ரெண்டுலயும் விட்டு கரண்ட் குடுத்தாரு, கொஞ்ச நேரத்துல எங்க தண்ணி செம்மண் கரைச்ச மாதிரி ஆயிடுச்சு, அது மட்டும் பளிச்சுன்னு அப்படியே இருக்கு. "இதத்தான் உங்க புள்ள குடிக்குது, இதத்தான் உங்க பேரன் குடிக்குது, இதத்தான் வயித்துல உள்ள புள்ளயும் குடிக்குது"ன்னு அடுக்குனாரு. அம்மா அழுதுட்டாங்க.

அந்த நெறம் தண்ணியில இருந்த அழுக்கு இல்லங்க. இரும்புக் கம்பி கரைஞ்சு வர்ற துரு. தண்ணியில உப்பு, கனிமம் கரைஞ்சிருந்தா கரண்ட் பாயும், கம்பி கரையும். ஆர்ஓ அதயெல்லாம் எடுத்துடுறதால கரண்ட் சரியா பாயாது, நெறமும் மாறாது. அக்கா மகள் ஏஎல் சயன்ஸ், எழும்பி "அண்ணா, அந்த நல்ல தண்ணியில ஒரு சிட்டிகை உப்பு போட்டு காட்டுங்க"ன்னு கேட்டா. போடல, போட்டா அதுவும் நெறம் மாறியிருக்கும். "தங்கச்சி இன்னும் ஸ்கூல் புள்ள, நாங்க பத்து வருஷமா இந்த பீல்ட்ல"ன்னுட்டாரு. கேட்டதுக்கு பதில் இல்ல, கேட்டவள சின்னப் புள்ளயாக்கி உக்கார வச்சாச்சு. எனக்கு கோவம் வந்தது அங்கதான்.

அடுத்தது கிட்னி படங்கள். அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் காரணம் முழுசா புடிபடாத சிறுநீரக நோய் இருக்குறது உண்மை, அங்க பல எடத்துல கெணத்துத் தண்ணி கடினம், புளோரைட்டும் அதிகம், அந்த ஊருக்கு ஆர்ஓ குடுக்குறதுல நியாயம் இருக்கு. நம்மது மலை ஊத்து. தண்ணியில கரைஞ்ச உப்பு, கனிமத்த அளக்குற அவரோட டிடிஎஸ் மீட்டரே 64தான் காட்டுச்சு, உலக சுகாதார ஸ்தாபனம் 600க்கு கீழ இருந்தாலே பொதுவா நல்ல ருசின்னு சொல்லுது. மெஷின் தண்ணி 8ஆம், "எட்டு மடங்கு சுத்தம்"னாரு. நம்ம பிரச்சன கிருமி, மழைக்கு மேல் லயத்து கக்கூஸ் தண்ணி வந்து கலக்குறது. அத அந்த மீட்டர் காட்டவே காட்டாது.

கடைசில "ஒரு லட்சத்து எண்பதாயிரம் பெருசா, புள்ள உசுரு பெருசா? இன்னைக்கு மட்டும்தான் இந்த வெல." வேற வழியே இல்லாத மாதிரி. அடுப்புல கேத்தல் இருக்குதே! ஒரு நிமிஷம் தளதளன்னு கொதிச்சா கிருமி செத்துடும், ஏறக்கொறைய 2000 மீட்டருக்கு மேலன்னாத்தான் மூணு நிமிஷம், நுவரெலியா டவுனே அவ்வளவு ஒசரம் இல்ல. அப்ப இருந்த 1350 ரூவா நாட்சம்பளத்துக்கு அந்தக் காசு 133 நாள் கொழுந்து.

நான் கைய புடிக்கிறதுக்குள்ள அம்மா கையெழுத்து போட்டுட்டாங்க.

மெஷின் மோசம்னு சொல்ல மாட்டேன். தண்ணி சுத்தம், ருசிதான் சப்புன்னு. பூட்ட வந்த தம்பி ஒழுங்கா வேல செஞ்சாரு. ஆனா லயத்து பைப்புல பிரஷர் பத்தாம பம்ப் தனியா வாங்க வேண்டியதாச்சு, ஒரு வாளி நல்ல தண்ணிக்கு ஒரு வாளிக்கு மேல வெளிய ஓடுது, காத்து மழைக்கு கரண்ட் போனா திரும்பவும் கேத்தல்தான்.

திருப்பி எடுங்கன்னு ரெண்டு தடவ கேட்டுட்டேன், பதில் இல்ல. நுகர்வோர் அதிகார சபைக்கு 1977ங்கிற போன் நம்பர்ல சொல்லப் போறேன். வேற தோட்டத்துலயும் டெமோ போடுறாங்களாம், போறவங்க வீட்டுல இருந்து கொஞ்சம் உப்பு எடுத்துட்டு போங்க.