ஒரு சோக் கொடுங்க: காப்பரா, எலக்ட்ரானிக்கா, இல்லை ரெண்டுமே வேண்டாமா?

எலக்ட்ரிக்கல் கடையில் “ஒரு சோக் கொடுங்க” என்றால் டியூப்லைட் சோக்கை எடுத்து வைப்பார்கள். டூவீலர் ஸ்பேர்ஸ் கடையில் அதையே கேட்டால் “எந்த வண்டி? கேபிளா, லீவரா?” என்பார்கள். பிளம்பர் குனிந்து பார்த்துவிட்டு “லைன் சோக் ஆயிருக்கு சார்” என்றால் சமையலறைக் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு இறுகியிருக்கிறது. 1999 உலகக் கோப்பை அரையிறுதி டை ஆகி வெளியேறிய தென்னாப்பிரிக்க அணிக்கு நெடுங்காலம் ‘சோக்கர்ஸ்’ என்று பட்டம். இவை எல்லாவற்றுக்கும் மூலம் மூச்சு அடைப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். வேடிக்கை என்னவென்றால், அந்த முதல் அர்த்தத்தில் மட்டும் நாம் அதைத் தொடுவதே இல்லை. அதற்குப் புரையேறுவது இருக்கிறது, கூடவே “யாரோ நினைக்கிறாங்க” என்ற ஆறுதலும். (“சோக்கா இருக்கு” வேறு குடும்பம், அது உருது வழி வந்தது.)

வண்டிச் சோக்கைச் சுருக்கமாக முடித்துவிடலாம். கார்புரேட்டர் வண்டியில் அது காற்றை மட்டுப்படுத்தியோ, தனி ஜெட் வழியாகப் பெட்ரோலைக் கூட்டியோ கலவையைக் கெட்டியாக்கும். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும்தான் அதற்கு வேலை. கிளம்பி ஒரு நிமிடத்தில் லீவரை இறக்கிவிட வேண்டும். மறந்தால் பிளக் கரி பிடிக்கும், புகையில் பெட்ரோல் வாடை அடிக்கும், மைலேஜ் விழும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்தபின் பெரும்பாலான வண்டிகள் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டதால் அந்த லீவரே அரிதாகிவிட்டது.

டியூப்லைட் சோக் இன்னும் சாகவில்லை. அதனால் அதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

பழைய இயற்பியல் பாடநூல் இதை ‘அடைப்புச் சுருள்’ என்றது. அருமையான பெயர். டியூப்புக்குள் இருக்கும் வாயு ஒருமுறை எரியத் தொடங்கிவிட்டால் அதன் மின்தடை சரிந்துகொண்டே போகும். கரண்ட் கூடக் கூட இன்னும் சரியும். நேராக 230 வோல்ட்டில் கொடுத்தால் கண் இமைப்பதற்குள் ஃபிலமெண்ட் போய்விடும். குறுக்கே நின்று, 40 வாட் டியூப்புக்கு 0.43 ஆம்பியருக்கு மேல் போகாமல் பிடித்துவைப்பது சோக்.

இன்னொரு வேலையும் அதற்கு உண்டு, விளக்கைக் கிளப்புவது. சுவிட்சைப் போட்டதும் ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் சின்ன கண்ணாடிக் குமிழ் மினுங்கி, அதிலுள்ள இரட்டை உலோகப் பட்டை சூட்டில் வளைந்து தொட்டுக்கொள்ளும். கரண்ட் இரு முனை ஃபிலமெண்ட்டையும் சூடாக்கும். பட்டை ஆறி விலகும் அந்தக் கணத்தில் சோக் பல நூறு வோல்ட் உதையைக் கொடுக்கும், டியூப் பற்றிக்கொள்ளும். உதை சரியான நேரத்தில் விழாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. லேட்டாகப் புரிந்துகொள்கிறவரை ‘டியூப்லைட்’ என்று கூப்பிடுவதற்கு இந்த இரண்டு மூன்று சிமிட்டல்தான் காரணம்.

காப்பர் சோக்கிலிருந்து தொடங்குவோம். உழைப்புக்கு இதை மிஞ்ச ஆளில்லை. உள்ளே இருப்பது இரும்புத் தகடுகளும் எனாமல் கம்பியும் மட்டுமே, எளிதில் கெட்டுப்போக ஒன்றுமில்லை. மின்னலோ ஜெனரேட்டர் மாறும்போது வரும் உதறலோ இதை எளிதில் அசைக்காது. வாங்கும்போது ஐ.எஸ். 1534 (இந்தியத் தரநிலை) முத்திரை இருக்கிறதா, 36/40 வாட், 230 வோல்ட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். நல்ல தயாரிப்பில் டி.டபிள்யூ. 130 என்றும் அச்சிட்டிருக்கும்: சுருள் 130 டிகிரி வரை சூடேறினாலும் பத்து வருடம் தாங்கும்படி செய்தது என்று பொருள். லேபிளில் ‘காப்பர்’ என்று மட்டும் இருப்பதை நம்ப வேண்டாம். மலிவான சரக்கில் உள்ளே அலுமினியம் சுற்றியிருப்பார்கள். கையில் இரண்டைத் தூக்கிப் பார்த்தால் எடை வித்தியாசம் தெரியும். டெர்மினலில் கம்பி நுனியைக் கத்தியால் லேசாகச் சுரண்டினால் செம்பா வெள்ளையா என்பதும் தெரிந்துவிடும். அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல், அதனால் சூடும் அதிகம்.

இதன் குறை கரண்ட் பில்லில் இருக்கிறது. சோக் தானே 10 வாட் அளவில் சூடாக வீணடிக்கும். தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் வருடத்துக்கு 18 யூனிட், வெளிச்சமே தராமல். லோ வோல்டேஜில் கிளம்பவும் படுத்தும்: 180 வோல்ட்டுக்குக் கீழே போனால் சிமிட்டிக்கொண்டே இருக்கும். உறுமல் வந்தால் சோக் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். தகடுகள் விநாடிக்கு நூறு தடவை அதிர்வதுதான் அந்தச் சத்தம். ஃபிட்டிங்கில் திருகைக் கெட்டியாக முடுக்கி, அடியில் ரப்பர் வாஷர் வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். உறுமலோடு கருகல் வாடையும் தார் மாதிரி ஒழுக்கும் இருந்தால் மட்டும் கழற்றிப் போடுங்கள்.

வயரிங்: ஃபேஸ் சுவிட்சுக்கு, அங்கிருந்து சோக்குக்கு, சோக்கிலிருந்து டியூப்பின் ஒரு முனையில் ஒரு பின்னுக்கு. அதே முனையின் அடுத்த பின்னிலிருந்து ஸ்டார்ட்டர் வழியாக மறுமுனைக்கு. மீதியிருக்கும் பின் நியூட்ரலுக்கு. சுவிட்சை நியூட்ரலில் போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. விளக்கு அணைந்திருக்கும், ஆனால் ஃபிட்டிங் முழுக்க கரண்ட் நிற்கும். டியூப் மாற்றக் கை வைப்பவருக்குத்தான் ஆபத்து.

எது பழுது என்று கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. இரு முனையும் சிவந்து நின்று நடு எரியாவிட்டால் சுவிட்ச் ஆனில் இருக்கும்போதே ஸ்டார்ட்டரைத் திருகி எடுங்கள். உடனே டியூப் பற்றிக்கொண்டால் ஸ்டார்ட்டர் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதை மட்டும் மாற்றினால் போதும். ஸ்டார்ட்டர் வாங்கும்போது 4–65 வாட் ரகம் கேளுங்கள். 4–22 வாட் என்று இருப்பது சின்ன டியூப்புக்கு உள்ளது. முனை கன்னங்கரேல் என்று இருந்தால் டியூப்பின் ஆயுள் முடிந்தது. போட்ட புது டியூப் பளீரென்று ஒரு முறை அடித்துப் போய்விட்டதா? அடுத்த டியூப்பை மாட்டாதீர்கள், சோக் ஷார்ட் ஆகியிருக்கிறது. மெயினை அணைத்து, சோக்கைக் கழற்றி, 100 வாட் குண்டு பல்போடு சீரிஸில் போட்டுப் பாருங்கள். பல்பு மங்கலாக எரிந்தால் சோக் நலம். முழு வெளிச்சம் என்றால் ஷார்ட். எரியவே இல்லை என்றால் சுருள் அறுந்திருக்கிறது. ஷார்ட்டான சோக்கோடு வரிசையாக மூன்று டியூப்பைக் காவு கொடுத்துவிட்டு டியூப் கம்பெனியைத் திட்டுவது வழக்கமான கதை.

எலக்ட்ரானிக் சோக் கையில் எடுத்தால் காலி டப்பா மாதிரி இருக்கும். 50 ஹெர்ட்ஸை 20,000-க்கு மேல் ஏற்றி டியூப்புக்குத் தருகிறது. உறுமல் கிடையாது, சிமிட்டல் கிடையாது, ஸ்டார்ட்டரும் வேண்டாம். நஷ்டம் நாலு வாட்டுக்குள். ஒல்லியான டி5 டியூப்புக்கு (16 மி.மீ., 28 வாட்) இதை விட்டால் வழியில்லை. பிரச்சினை மலிவு ரகத்தில். ஃபிலமெண்ட்டைச் சூடாக்காமல் நேராக அடித்துக் கிளப்புவதால், அடிக்கடி போட்டு அணைக்கும் பாத்ரூமிலும் மாடிப்படியிலும் டியூப் முனை சீக்கிரம் கறுத்துவிடும். இன்னொன்று: டியூப் போன பிறகும் சுவிட்சை ஆனிலேயே விட்டால் சோக் முட்டி மோதி டிரான்சிஸ்டரைச் சுட்டுக்கொள்ளும். ரிப்பேர் செய்கிறவர்கள் முதலில் பார்ப்பது உப்பிய 400 வோல்ட் கண்டென்சரை. அதற்குப் பதில் 250 வோல்ட் போட்டால் வெடிக்கும், ஏனெனில் அங்கே நிற்பது 320 வோல்ட்டுக்கு மேல். அணைத்த பிறகும் அதில் சார்ஜ் மிஞ்சியிருக்கும், வெறுங்கையால் தொடக்கூடாது. மாட்டும்போது நாலு வயரில் ஜோடியைப் பிரித்துவிடாதீர்கள். ஒரு முனைக்கு உரிய இரண்டும் அதே முனைக்குத்தான் போக வேண்டும்.

ஆக, எதை வாங்குவது? ஃபிட்டிங் நன்றாக இருந்து, மின்னலும் உதறலும் அடிக்கடி வரும் இடம் என்றால், காப்பர் சோக்கை மாற்றிக்கொண்டு இருக்கும் டியூப்பை ஓட்டித் தீர்க்கலாம். எலக்ட்ரானிக் சோக்குக்குப் புதிதாகப் பணம் போடுவதில் அர்த்தமில்லை. புது இடத்துக்கு இரண்டுமே வேண்டாம். 20 வாட் எல்.இ.டி. பேட்டன் (விளக்கும் ஃபிட்டிங்கும் ஒன்றாகவே வருவது) 2000 லூமென் வெளிச்சம் தருகிறது. 36 வாட் டியூப் காப்பர் சோக்கோடு 46 வாட் இழுத்த இடத்தில் தினம் ஐந்து மணி நேரத்துக்கு வருடம் 47 யூனிட் மிச்சம். அட்டையில் சர்ஜ் (திடீர் மின் உதறலைத் தாங்கும் அளவு) 4 கிலோவோல்ட் என்று இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023-இல் கூடி, பாதரசம் உள்ள குழல் விளக்குத் தயாரிப்பை 2027-க்குள் நிறுத்த முடிவெடுத்ததால் டியூப் கிடைப்பதும் இனி குறையும்.

பழைய ஃபிட்டிங்கிலேயே எல்.இ.டி. டியூப் மாட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எலக்ட்ரானிக் சோக் இருந்தால் கட்டாயம் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் எல்.இ.டி. பொசுங்கிவிடக்கூடும். ஒரே முனையில் ஃபேஸும் நியூட்ரலும் கேட்கும் ரகம் என்றால் சோக், ஸ்டார்ட்டர் இரண்டையும் எடுத்துவிட்டு நேர் வயரிங் செய்ய வேண்டும். செய்தபின் ஃபிட்டிங்கின் மேல் மார்க்கரால் ‘எல்.இ.டி. மட்டும்’ என்று பெரிதாக எழுதிவையுங்கள். இரண்டு வருடம் கழித்து யாராவது பரணிலிருக்கும் பழைய டியூப்பை அங்கே மாட்டினால், 230 வோல்ட் முழுவதும் ஒரே ஃபிலமெண்ட்டின் குறுக்கே விழும்.