ஊடக ஆய்வு: எண்ணிப் பார்ப்பதா, கேட்டுப் பார்ப்பதா?

ஊடகமும் சமூகமும் என்று ஆய்வுத் தலைப்பு எடுக்கும் சென்னை மாணவர்கள் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள்: இதழ்களிலும் சீரியல்களிலும் என்ன வருகிறது என்று எண்ணிப் பார்க்கும் உள்ளடக்கப் பகுப்பாய்வா, மக்களிடமே கேட்டுப் பார்க்கும் நேர்காணலா?

செலவு: பகுப்பாய்வுக்குக் குறைவு. பழைய இதழ்களுக்குத் தரமணி ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. நேர்காணலுக்கு வியாசர்பாடி, வேளச்சேரி என்று அலைய வேண்டும்.

நம்பகம்: பகுப்பாய்வில் ஒரே இதழை இருவர் தனித்தனியாகப் படித்துக் குறித்து, முடிவுகளை ஒப்பிடலாம். நேர்காணலில், "நியூஸ் மட்டும்தான் பார்ப்பேன்" என்பவர் வீட்டில் சீரியல் ஓடும். அந்த நேரத்தில் கூடவே உட்கார்ந்தால்தான் உண்மை தெரியும்.

என்ன கிடைக்கும்: எனக்கு இதுதான் முக்கியம். சீரியலில் எத்தனை பெண்கள் வேலைக்குப் போகிறார்கள் என்று எண்ணலாம். பார்ப்பவர் மனதை எண்ண முடியாது. 1940 அமெரிக்கத் தேர்தலில் சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்டின் குழு ஒஹாயோ மாநிலத்தின் ஈரி கவுண்டியில் (மாவட்டம் போன்ற பகுதி) வாக்காளர்களைத் திரும்பத் திரும்பச் சந்தித்தது. வானொலியையும் பத்திரிகையையும்விட, தெரிந்தவர்களின் பேச்சே வாக்கை அதிகம் பாதித்தது தெரிந்தது. பத்திரிகையை மட்டும் எண்ணியிருந்தால் இது கிடைத்திருக்காது.

ஒரு செமஸ்டர்தான் இருக்கிறது, பத்திரிகை ஒரு பிரச்சினையை எப்படிக் காட்டியது என்பதே கேள்வி என்றால் பகுப்பாய்வு போதும். தலைப்பில் 'தாக்கம்' என்ற சொல் இருந்தால், சரி, கிளம்புங்கள். வீடுகளுக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.