புதிய பேட்டரி என்று பழையதைத் தலையில் கட்டுகிறார்கள்: காரைக்குடிப் பக்கத்தவர்கள் கவனத்துக்கு

காரைக்குடியில் லேப்டாப் பேட்டரி மாற்ற வேண்டியவர்கள் பணத்தை எடுத்துக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ‘ஒரிஜினல், புத்தம் புதியது, ஆறு மாத வாரண்டி’ என்று சொல்லி 3,800 ரூபாய்க்கு எனக்கு விற்றது, யாரோ சக்கையாகப் பயன்படுத்திக் கழித்துப் போட்ட பேட்டரி. மேலே புது ஸ்டிக்கர், உள்ளே பழைய சரக்கு. பணம் போனதைக்கூடப் போகட்டும் என்று விட்டுவிடலாம். பர்மா தேக்கில் தூணும் உத்திரமுமாக நிற்கிற வீட்டுக்குள், எப்போது பற்றிக்கொள்ளும் என்று தெரியாத ஒன்றைச் சிரித்த முகத்தோடு கொடுத்தனுப்பினாரே, அதைத்தான் விட முடியவில்லை.

எங்கள் வீடு பள்ளத்தூரில், பங்காளிகள் அனைவருக்கும் பொதுவான பழைய வீடு. ஓடு மாற்றியது, காவலுக்கு இருப்பவரின் சம்பளம், யார் பங்கு வந்தது, யாருடையது வரவில்லை, எல்லாம் என்னிடம் இருக்கிற லேப்டாப்பில்தான். மாதம் பிறந்தால் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற பங்காளிகளுக்குக் கணக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் என்ன பேச்சு வரும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் விரலால் தேய்க்கிற அந்தச் சதுரப் பகுதி அழுந்தவில்லை. அதில்தான் பழுது என்று நினைப்பது இயல்பு. பிறகு மேசையில் வைத்தால் லேப்டாப் ஒரு மூலை படியாமல் ஆடியது. திருப்பிப் பார்த்தால், அடிமூடியில் இரண்டு திருகுகளுக்கு நடுவே ஒரு தபால் அட்டை நுழைகிற அளவுக்கு இடைவெளி. பேட்டரி உப்பி, அடிமூடியையும் மேலே இருந்த அந்தச் சதுரப் பகுதியையும் இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டிருந்தது. இந்த மூன்றில் எதைக் கண்டாலும் சார்ஜரைக் கழற்றிவிட்டு இயந்திரத்தை அணைத்துவிடுங்கள். மூடி பிதுங்குகிறது என்று கையால் அழுத்தி மூடப் பார்க்காதீர்கள்.

காரைக்குடியில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடையின் பெயரை எழுதவில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது. கடைக்காரர் முப்பது வயதுக்குள் இருப்பார், பேச்சில் தேன் ஒழுகும். திறந்து பார்த்தவர், “இதெல்லாம் சாதாரணம் ஆச்சி. பூரி மாதிரித்தான். ஓரத்தில் ஒரு குத்து குத்தினால் காற்று இறங்கிவிடும், இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம். வேண்டாமென்றால் புதியது போட்டுத் தருகிறேன்” என்றார்.

“குத்தவெல்லாம் வேண்டாம் தம்பி, புதியதையே போடுங்கள்” என்றேன்.

இந்தக் ‘குத்தினால் சரியாகிவிடும்’ என்கிற வைத்தியத்தை வேறு கடைகளிலும் சொல்கிறார்களாம். அதனால் இதைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன். இப்போதைய மெல்லிய லேப்டாப்புகளில் இருப்பது பெரும்பாலும் அலுமினியப் படலம் கலந்த உறைக்குள் அடைத்த லித்தியம் அயான் செல்கள். உள்ளே இருக்கும் திரவம் கரிமக் கரைப்பான்களால் ஆனது, எளிதில் தீப்பற்றக்கூடியது. செல்லுக்கு வயதாகும்போதும், வெயிலிலும் சூட்டிலும் கிடக்கும்போதும், நாள் முழுக்க நூறு சதவீதச் சார்ஜில் நிற்கும்போதும் அந்தத் திரவம் மெல்லச் சிதைந்து கார்பன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, எத்திலீன் போன்ற வாயுக்களாகிறது. உறை அடைபட்டது, வாயு வெளியேற வழியில்லை, அதனால் உப்புகிறது. கடைக்காரர் சொன்ன ‘காற்று’ இதுதான். குத்துகிற ஊசி, செல்லுக்குள் இருக்கும் இரண்டு மின்முனைகளையும் பிரித்து வைத்திருக்கிற மெல்லிய தாளையும் சேர்த்துக் கிழிக்கும். உள்ளுக்குள்ளேயே மின்சுற்று கூடி, சூடு சூட்டை வளர்த்து, சில நொடிகளில் புகையும் தீயுமாகிவிடும். அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு போன்ற நச்சு வாயுவும் உண்டு. குத்திய பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு எதுவும் ஆகாமலே போகலாம். அந்த ஒன்பது பேர்தான் இந்த வைத்தியத்துக்கு விளம்பரம்.

இதில் என் வயிற்றெரிச்சல் வேறு ஒன்றும் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953இல் தொடங்கப்பட்ட ஊர் இது. மின்கல ஆராய்ச்சிக்கென்று நாட்டில் பெயர் சொல்லக்கூடிய இடம். அதே ஊரில்தான் ஒருவர் பேட்டரியைப் பூரி என்கிறார்.

உப்பிய பேட்டரி பசையால் ஒட்டப்பட்டிருந்தது. அதை நீளமான இரும்பு ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்தார். வளைந்து வந்ததைக் கால்மாட்டில் இருந்த அட்டைப்பெட்டிக்குள் எறிந்தார். அந்தப் பெட்டியில் அதுபோல உப்பியவை, உப்பாதவை, திருகுகள், கம்பித் துண்டுகள் எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. பழையதைக் கேட்டேன். “அது எதற்கு ஆச்சி உங்களுக்கு?” என்று கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் ‘பேட்டரி 3,800’ என்று எழுதித் தேதி போட்டுக் கொடுத்தார். கடைப் பெயர் இல்லை, வரி எண் இல்லை, பேட்டரியின் வரிசை எண்ணும் இல்லை.

சில வாரங்கள் ஓடியது. அதன் பிறகு நாற்பது சதவீதம் இருக்கும்போதே சட்டென்று அணையத் தொடங்கியது. அடுத்து அதே மூலை, அதே ஆட்டம்.

என் கொழுந்தனார் மகன் பொறியியல் படிக்கிறான். விடுமுறைக்கு வந்திருந்தவன், “பெரியம்மா, புதியது என்றுதானே கொடுத்தார்கள்? அதன் ஜாதகத்தைப் பார்த்துவிடலாம்” என்று விண்டோஸிலேயே இருக்கும் பேட்டரி அறிக்கையை எடுத்தான். தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை, ஒரு நிமிட வேலை. அதில் மூன்று வரிகளைப் பார்த்தால் போதும். தயாரிக்கப்பட்டபோது இருந்த கொள்ளளவு 41,000 மில்லிவாட் மணி. இப்போது முழுச் சார்ஜில் கொள்வது 16,900. சார்ஜ் சுழற்சிகள், அதாவது முழுச் சார்ஜ் அளவு எத்தனை தடவை செலவாகி மீண்டும் ஏறியது என்ற கணக்கு, 583. பெரும்பாலான லேப்டாப் பேட்டரிகள் 300 முதல் 500 சுழற்சிகளிலேயே தளர்ந்துவிடுகின்றன. சில வாரத்துப் பேட்டரிக்கு 583 சுழற்சி எப்படி வரும்?

அணைத்து, மூடியைத் திறந்தோம். பேட்டரியின் மேல் பளபளவென்று வெள்ளை ஸ்டிக்கர், அதில் கம்பெனிச் சின்னம். ஆனால் எழுத்துகளின் ஓரம் மங்கலாக, நகலெடுத்த தாள் போல இருந்தது. ஸ்டிக்கரின் ஒரு மூலை சற்றே தூக்கியிருந்தது. பையன் நகத்தால் மெதுவாக உரித்தான். பசை நூல் நூலாக இழுபட்டு வந்தது. அடியில் இன்னொரு ஸ்டிக்கர், மஞ்சளேறியது, தயாரிப்பு ஆண்டு 2018. மேலே இருந்ததில் 2024.

லித்தியம் பேட்டரிகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் கட்டாயப் பதிவு உண்டு. அதற்கான தரம் ஐ.எஸ். 16046. ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்துடன் தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண் மேலே இருக்க வேண்டும். அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அந்த எண்ணை இட்டால், எந்தத் தயாரிப்பாளர், என்ன பொருள் என்று காட்டும். எங்கள் புது ஸ்டிக்கரில் அந்த எண்ணே இல்லை. கள்ளச் சரக்கு அச்சடிப்பவர்கள் சின்னத்தை மறக்க மாட்டார்கள், எண்ணைத்தான் மறப்பார்கள் போலிருக்கிறது.

எல்லாவற்றையும் படமெடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பேட்டரியைக் கொண்டுபோகவில்லை. உப்பிய பேட்டரியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் நாலு பேர் நடுவே உட்காருவது சரியல்ல. மின் இணைப்பைக் கழற்றி, உலர்ந்த மணல் நிரப்பிய மண்சட்டியில் வைத்து, கொல்லையில் மரச்சாமான் இல்லாத இடமாகப் பார்த்து வைத்திருந்தோம்.

கடைக்காரர் படங்களைப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“உப்பினால் வாரண்டி கிடையாது ஆச்சி. அது உங்கள் வீட்டுக் கரண்டால் வருவது.”

“கரண்டு 583 தடவை சார்ஜ் ஏற்றுமா தம்பி?”

“அது சாஃப்ட்வேர் தப்பாகக் காட்டும்.”

“2018 என்று ஸ்டிக்கர் காட்டுகிறதே, அதற்கும் சாஃப்ட்வேரா?”

அதன் பிறகு அவருக்கு அவசரமாக ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. கடைப் பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனை ஒன்றும் சொல்ல மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். அப்போது தெரிந்துகொண்டதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளை விற்றுவிட்டுப் பில் தராததே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். துண்டுச் சீட்டுக் கொடுத்துத் தப்பிக்கலாம் என்று நினைக்கிற கடைக்காரர் ஒரு தப்புக்கு இரண்டு தப்பாகச் சேர்த்துக்கொள்கிறார். நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம், நமக்குச் சிவகங்கை. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்றும் இல்லை.

புகார் போனதும் கடையிலிருந்து அழைப்பு வந்தது. பாதிப் பணம் தருவதாகவும், புகாரைத் திரும்பப் பெற வேண்டும் என்றும் கேட்டார். முழுப் பணத்தோடு, அந்த அட்டைப்பெட்டியில் இருப்பவற்றை முறையாக அப்புறப்படுத்தியதற்கு ரசீதும் காட்டுங்கள் என்றேன். அன்றிலிருந்து அழைப்பு இல்லை. என் சந்தேகம் அந்தப் பெட்டியின் மேல்தான். நாம் விட்டுவிட்டு வருகிற பழையவற்றில் தேறுவதைப் பொறுக்கி, புது ஸ்டிக்கர் ஒட்டி, அடுத்தவருக்குப் போடுகிறார்களோ என்று தோன்றுகிறது. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. வீட்டுக் குப்பையோடு கலக்காமல் தனியாக ஒப்படைப்பது நம் பொறுப்பு. இரும்புக் கடைக்காரரிடம் எடைக்குப் போடுவதும் குப்பை வண்டியில் போடுவதும் தீயை வேறொருவர் தலைக்கு மாற்றுகிற வேலை.

கடைசியில் லேப்டாப் கம்பெனியின் சேவை மையத்தைத் தொலைபேசியில் பிடித்து, மதுரையிலிருந்து ஆளை வரவழைத்தேன். 6,400 ரூபாய், வருகைக் கட்டணம் தனி. வந்தவர் நெம்பவில்லை. பிளாஸ்டிக் தகட்டால் பசையைப் பொறுமையாக விடுவித்துப் புதியதைப் பொருத்தினார். நான் கேட்பதற்கு முன்பே அறிக்கையைத் திரையில் எடுத்துக் காட்டினார்: சுழற்சி 1, முழுக் கொள்ளளவும் தயாரிப்புக் கொள்ளளவும் ஏறக்குறைய ஒன்றே. பில்லில் வரிசை எண் இருந்தது. சார்ஜ் 80 சதவீதத்தில் நின்றுகொள்ளும்படி அமைத்தும் கொடுத்தார். எந்நேரமும் மின்சாரத்தில் செருகியே வேலை செய்கிறவர்கள் உங்கள் லேப்டாப்பில் அந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள். பல கம்பெனிகள் கொடுத்திருக்கின்றன.

மண்சட்டியில் இருந்ததைச் சாட்சிக்காக வைத்துக்கொள்ளலாமே என்று பங்காளி ஒருவர் சிங்கப்பூரிலிருந்து யோசனை சொன்னார். சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு சொல்வது எளிது. இரண்டு ஸ்டிக்கர்களையும் வெளிச்சத்தில் படமெடுத்து, வந்தவரிடம் வரிசை எண்ணோடு எழுத்தில் அறிக்கை வாங்கிக்கொண்டு, மறுசுழற்சிக்கென்று அவரிடமே ஒப்படைத்து ஒப்புகையும் பெற்றுவிட்டேன். மனுவுக்கு அவை போதும் என்று உதவி எண்ணில் பேசியவர் சொன்னார்.

இந்த வட்டாரத்தில் அண்மையில் பேட்டரி மாற்றியவர்கள் இன்றே அந்த அறிக்கையை எடுத்துச் சுழற்சி எண்ணிக்கையைப் பாருங்கள். நூற்றுக்கணக்கில் காட்டினால், சீட்டு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் கிழித்துப் போடாமல் வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். சிவகங்கைக்கு அனுப்பும் மனுவில் உங்கள் விவரத்தையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்க்கிறேன்.